கிரிஸ்பரைக் கத்தரிக்கோலாக மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள்

கிரிஸ்பர் என்றதும் மரபணுவைத் திருத்தும் ஆய்வகக் கருவியே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதைக் கருவியாக்கும் வழியை 2012இல் காட்டிய இம்மானுவேல் ஷார்பாந்தியேவுக்கும் ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபின் இந்த எண்ணம் இன்னும் வலுப்பெற்றது. ஆனால் கிரிஸ்பர் இயற்கையில் வைரஸ்களுக்கு எதிராகப் பாக்டீரியா கொண்டுள்ள தற்காப்பு முறை. கருவியை முதலில் கற்றுக்கொண்டு, அதன் வழியாகப் பாக்டீரியாவைப் புரிந்துகொள்ள முயல்வதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

பாக்டீரியா கிரிஸ்பரைக் கொண்டு மரபணுவைத் திருத்துகிறது என்று எழுதுவது அவற்றுள் ஒன்று. பாக்டீரியா செய்வது திருத்தம் அன்று, அழிப்பு: உள்ளே நுழைந்த வைரஸின் டிஎன்ஏ வெட்டப்பட்டுச் சிதைந்துபோகிறது. பாக்டீரியா தன் மரபுத்தொகுதியில் புதிதாக எழுதிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜின் டிஎன்ஏவிலிருந்து சுமார் 30 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைக் காஸ்1, காஸ்2 என்னும் புரதங்கள் எடுத்து, ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளுக்கு இடையில் பொருத்துகின்றன. பின்னர் அதிலிருந்து படியெடுக்கப்படும் சிறிய ஆர்என்ஏ, அதே ஃபேஜ் மீண்டும் வரும்போது வெட்டும் புரதத்துக்கு வழிகாட்டுகிறது.

தாக்கப்படும் ஒவ்வொரு பாக்டீரியாவும் இப்படி நினைவு பெற்றுத் தப்பிவிடும் என்று கருதுவதும் சரியன்று. பால் பொருள் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு செய்யப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஃபேஜ் தாக்குதலில் பெரும்பாலான செல்கள் அழிய, எஞ்சிய மிகச் சிலவற்றில் அந்த ஃபேஜின் துண்டுகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. உரிய துண்டை நீக்கியபோது எதிர்ப்பாற்றல் மறைந்தது, சேர்த்தபோது வந்தது. கிரிஸ்பர் ஒரு தற்காப்பு முறை என்பதை ஐயமற நிறுவிய இந்தச் சோதனையை, நோபல் பரிசைச் சொல்லும் அளவுக்குக்கூட நாம் சொல்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது. மேலும், இந்த நினைவு மரபுத்தொகுதியிலேயே பதிவாவதால் செல் பிரியும்போது வழித்தோன்றல்களுக்கும் செல்கிறது. நம் உடலின் ஆன்டிபாடியோடு இதை ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

ஃபேஜின் துண்டு பாக்டீரியாவின் டிஎன்ஏவிலேயே இருக்கும்போது, வெட்டும் புரதம் அதையும் வெட்டிவிடாதா என்ற கேள்விக்கு இடமளிக்காத விளக்கம் முழுமையற்றது. ஆய்வகக் கருவியில் பயன்படும் வெட்டும் புரதமான காஸ்9 வெட்டுவதற்கு, இலக்கு வரிசை பொருந்துவது மட்டும் போதாது. இலக்கை ஒட்டிப் பேம் எனப்படும் குறுகிய அடையாள வரிசையும் இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் என்னும் பாக்டீரியாவின் காஸ்9க்கு அது ஏதேனும் ஒரு டிஎன்ஏ எழுத்தும் அதைத் தொடர்ந்து இரண்டு ஜி எழுத்துகளும் ஆகும். பாக்டீரியா சேமித்து வைத்திருக்கும் துண்டை ஒட்டியிருப்பதோ திரும்ப வரும் வரிசை. அதில் அந்த அடையாளம் இல்லாததால் சேமிப்பு பாதுகாப்பாக இருக்கிறது.

காஸ்9தான் கிரிஸ்பர் என்பதும் கருவியிலிருந்து வந்த குழப்பமே. கிரிஸ்பர் முறைகளில் பல வகைகள் உண்டு. இயற்கையில் மிகுதியாகக் காணப்படும் முதல் வகையில், பல புரதங்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு இலக்கைக் கண்டுபிடிக்க, காஸ்3 டிஎன்ஏவைச் சிதைக்கிறது. வேறொரு வகையின் காஸ்13 ஆர்என்ஏவையே வெட்டுகிறது. எல்லாப் பாக்டீரியாவிலும் கிரிஸ்பர் உண்டு என்பதும் தவறு. வரிசையறியப்பட்ட பாக்டீரியாக்களில் சுமார் 40 விழுக்காட்டில்தான் அது உள்ளது; பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் தனித் தொகுதியான ஒற்றைச் செல் உயிரிகளான ஆர்க்கியாக்களிலோ மிகப் பெரும்பாலானவற்றில் உண்டு.

இறுதியாக, ஃபேஜ்களை வெறும் பலியாக வரைய வேண்டாம். பேம் வரிசையில் ஓர் எழுத்து மாறினாலே ஒரு ஃபேஜ் தப்பிவிடக்கூடும். கிரிஸ்பரை முடக்கும் புரதங்களை ஃபேஜ்களே உருவாக்குவது 2013இல் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களில் கண்டறியப்பட்டது. முதலில் நுழைந்த ஃபேஜ் அழிந்துபோனாலும், அதற்குள் அது உண்டாக்கிய எதிர்ப்புரதம் அந்தச் செல்லின் காவலைத் தளர்த்திவிடுவதால், அடுத்து நுழையும் ஃபேஜ் வெற்றி பெறுவதும் உண்டு.