காற்றுக் குழாயில் காற்றோட்டத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பைக் காற்றின் சராசரி வேகத்தால் பெருக்கினால் காற்றோட்ட வீதம் கிடைத்துவிடும். பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. பெருக்க எடுக்கும் எண்களில்தான் கோளாறு புகுகிறது.

வரைபடத்தில் 400 × 300 மி.மீ. என்று இருக்கும். உட்சுவரில் 25 மி.மீ. தடிமனுக்குக் காப்புப் பொருள் ஒட்டியிருந்தால், காற்று போக மிஞ்சுவது 350 × 250 மட்டுமே. பரப்பு 0.12 சதுர மீட்டரிலிருந்து 0.0875 ஆகச் சுருங்கிவிடுகிறது. 27 சதவீதம் போயிற்று! இன்னும் சிலர் செவ்வகக் குழாயின் ஹைட்ராலிக் விட்டத்தை (பரப்பின் நான்கு மடங்கைச் சுற்றளவால் வகுத்தால் வருவது) வைத்து வட்டப் பரப்பு காண்கிறார்கள். அந்த விட்டம் உராய்வு இழப்பைக் கணக்கிடுவதற்கானது. பரப்புக்குக் குறுக்குவெட்டின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினாலே போதும்.

வேகத்தை அளப்பதில்தான் அதிகக் கவனம் தேவை. சுவரை ஒட்டிய காற்று மெதுவாகவும் நடுவில் உள்ளது வேகமாகவும் செல்லும். நடுவில் ஒரே ஒரு அளவு எடுத்து அதையே சராசரியாகக் கொண்டால், விடை 10 முதல் 20 சதவீதம் வரை கூடிவிடலாம். குறுக்குவெட்டு முழுவதும் பல புள்ளிகளில் அளக்க வேண்டும். வளைவுக்கோ, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடான டாம்பருக்கோ அருகில் அளக்கவே கூடாது. அங்கே காற்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அவற்றைத் தாண்டி, விட்டத்தைப் போல ஏழெட்டு மடங்கு நேரான நீளம் கடந்த இடமே நம்பகமானது.

காற்றோட்டத்துக்கு எதிராக நீட்டி அளக்கும் பிட்டோ குழாயைப் பயன்படுத்துவோர் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கருவி காட்டுவது அழுத்தம். வேகமோ அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு புள்ளிகளில் 10, 90 பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தங்களின் சராசரி 50. அதிலிருந்து வரும் வேகம் நொடிக்கு 9.1 மீட்டர். தனித்தனியே வேகம் கண்டால் 4.1, 12.2; சராசரி ஏறத்தாழ 8.2. இதுவே சரி. முதலில் வேகமாக மாற்றுங்கள், பிறகு சராசரி எடுங்கள்.

அழுத்தத்தை வேகமாக மாற்றக் காற்றின் அடர்த்தியும் தேவை. அடர்த்தி 1.2 கி.கி./கன மீட்டர் என்பது கடல் மட்டத்தில், 20 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றுக்கு. 80 டிகிரியில் அது 1.0 ஆகிவிடும், பழைய எண்ணையே போட்டால் வேகம் 9 சதவீதம் குறைவாக வரும். நொடிக்கு 2 மீட்டர் போன்ற மெதுவான ஓட்டத்தில் பிட்டோ காட்டும் அழுத்தம் வெறும் 2.4 பாஸ்கல். அங்கே சூடான கம்பி குளிரும் அளவைக் கொண்டு வேகத்தைக் காட்டும் சூடான கம்பி அனிமோமீட்டரை எடுப்பதே நல்லது.