பழைய பிஎஸ்4-இல் புது கேம்: வாங்கும் முன் கேமையும் பாருங்கள், பெட்டியையும் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் நிறைய வீடுகளில் இன்றும் ஓடுவது பிஎஸ்4, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டிதான். வளைகுடாவிலிருந்து வந்தது, அண்ணன் ஆடித் தம்பிக்குக் கொடுத்தது. கனமான புது கேம் அதற்கும் வருகிறது என்றால் உடனே காசைக் கட்டிவிடாதீர்கள்.

படத்தின் தெளிவைக் குறைத்தால் கிராபிக்ஸ் சிப்பின் சுமை இறங்கும். பிராசஸரும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படி இல்லை. 2013-இல் வந்த பிஎஸ்4-இல் இருப்பவை 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 8 கோர்கள், 8 ஜிபி நினைவகம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க். அந்த டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தாலே பெரிது. அடுத்த தலைமுறைப் பெட்டியான பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகச் சேமிப்பகம்) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். அந்த வேகத்தை நம்பிக் கட்டிய நகரத்தில் வண்டியை விரட்டினால், அடுத்த தெருவைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் அங்கே போய்விடுவீர்கள். சுவர் களிமண் பூசியதுபோல் நிற்கும், ஆட்கள் தாமதமாக முளைப்பார்கள், படம் உறையும்.

சைபர்பங்க் 2077 என்ற கேமுக்கு நடந்ததும் இதுதான். 2020 டிசம்பர் 10-இல் வந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்து எடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்பியது. 2023-இல் வந்த அதன் விரிவாக்கம் பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை. மாறாக, 2022-இல் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டும் காட் ஆஃப் வார் ராக்னராக்கும் பிஎஸ்4-ஐ மனதில் வைத்தே செய்யப்பட்டவை, நன்றாக ஓடின. அதனால் பழைய பெட்டிக்கு வெளியிடவே கூடாது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் சாதாரண பிஎஸ்4-இல் ஓடும் காட்சியை முன்கூட்டியே காட்டாத கம்பெனி, அந்தப் பெட்டிக்காரரிடம் காசு கேட்கக் கூடாது.

வெளிவந்து இரண்டு வாரம் பொறுங்கள். சாதாரண பிஎஸ்4-இல் பதிவான வீடியோவைத் தேடுங்கள். பிஎஸ்4 புரோ என்ற மேம்பட்ட பெட்டியில் எடுத்தது உதவாது, அதன் கிராபிக்ஸ் திறன் இரண்டு மடங்குக்கும் மேல். முதல் அரைமணி நேரத்தை விட்டுவிட்டு, வேகமாக வண்டி ஓட்டும் இடத்தையும் கூட்டச் சண்டையையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டிஸ்க்காக வாங்குங்கள், திருப்பி விற்கலாம். ஸ்டோரில் வாங்கியதைப் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. துபாய் டிஸ்க் இங்கேயும் ஓடும். கூடுதல் பாகங்கள் மட்டும் டிஸ்க்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் ஒத்தால்தான் சேரும்.

இடத்தையும் கணக்குப் போடுங்கள். 500 ஜிபி பெட்டியில் கையில் கிடைப்பது 400 சொச்சம். பேட்ச் (கேமின் திருத்தக் கோப்பு) போடும்போது பிஎஸ்4 முழு கேமையும் நகலெடுக்கும் என்பதால், 60 ஜிபி கேமுக்கு இன்னொரு 60 காலியாக இருக்க வேண்டும்.

இனி பெட்டி. பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கிற காற்று ஃபேனை விடுமா? டார்ச் அடித்துப் பின்பக்க எச்டிஎம்ஐ துளையின் விளிம்பைப் பாருங்கள்: வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவமோ தெரிந்தால் உள்ளேயும் உப்பு இறங்கியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துத் தானே கரையும். அதனால் இங்கே ஃபேனில் படிவது உதிரும் தூசி இல்லை, பிசின். ஊதினால் போகாது. கனமான கேமில் பெட்டி சூடாகி, ஃபேன் இரைந்து, கடைசியில் தானே அணைவது பெரும்பாலும் இதனால்தான். பழி கேம் மேல் விழுகிறது.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, நடுவில் துளையுள்ள, நட்சத்திர முனை டி8 திருப்புளியால் பின் திருகுகளைக் கழற்றுங்கள். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்பிரஷ்ஷால் இதழ் இதழாகத் துடையுங்கள். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கின் இடுக்குகளையும் விடாதீர்கள். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், தொடவேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகே மூடுங்கள். வடகடல் ஓர வீடுகளில் வாடைக் காலம் முடிந்ததும், தென்கடல் ஓரத்தில் கச்சான் (தென்மேற்குக் காற்று) ஓய்ந்ததும் ஒருமுறை செய்தால் போதும். பெட்டியைக் கடல் பார்த்த சன்னலடியில் வைக்காதீர்கள். ஆடி முடித்து ஆறிய பிறகு பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

ஹார்ட் டிஸ்க் மெதுவானால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாற்றலாம், தடிமன் 9.5 மிமீக்கு மேல் கூடாது. லோடிங் குறையும், பிராசஸர் திணறுவது அப்படியேதான் இருக்கும். சேவ்களை (ஆட்டத்தில் நீங்கள் சேமித்த நிலைகளை) முதலில் நகலெடுங்கள். புது எஸ்எஸ்டியில் பிஎஸ்4-இன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும். பலர் தவறுவது அதற்கான கோப்பில்: சாதாரண அப்டேட் கோப்பை எடுத்துவிடுவார்கள். வேண்டியது 1 ஜிபி அளவுள்ள மறுநிறுவல் கோப்பு, ஃபேட்32 பென்டிரைவில்.

கரண்ட் போகும் ஊரில் பேட்ச் இறங்கும்போது 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருக்கட்டும். அது இல்லாமல் பாதியில் அணைந்து, பிறகு கேம் திக்கினால், அணைத்த பெட்டியின் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஏழு விநாடியில் இரண்டாவது பீப் கேட்டதும் விட்டு, கண்ட்ரோலரைக் கேபிளில் செருகி, திரையில் வரும் சேஃப் மோட் பட்டியலில் ஐந்தாவதாக உள்ள ரீபில்ட் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுங்கள். சேவ்கள் அழியாது, ஹார்ட் டிஸ்க் நிறைந்திருந்தால் மணிக்கணக்கில் ஓடும், இடையில் அணைக்காதீர்கள்.