சன்றூஃப் திரை பாதியில் இறுகினால்

சுவிட்சை அழுத்த, காரின் கூரைக் கண்ணாடிக்குக் (சன்றூஃப்) கீழே வெயிலை மறைக்கும் திரை இரண்டு விரலளவு நகர்ந்து நின்றது. மோட்டர் மட்டும் உறுமியது. சத்தம் வந்தால் பியூஸும் வயரும் அநேகமாகச் சரி, கோளாறு திரை ஓடும் றெயிலில். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ், பிறகு மோட்டர் சொக்கற்றுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். திரும்பத் திரும்ப அழுத்தவேண்டாம்: மோட்டர் சூடேறும், பிளாஸ்டிக் பிடிகள் உடையும்.

நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனங்களுக்கு எதிரி மணல்தான். கண்ணாடியைத் திறந்து டோர்ச் அடித்தால், இடப்பக்க றெயிலின் தவாளிப்பில் பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து கறுப்புக் களியாக இறுகிக் கிடந்தது. வக்கூமால் உறிஞ்சி, பழைய பல்லுப் பிரஷால் சுரண்டி, நூல் உதிராத துணியால் துடைத்தேன். அதன்மேல் சிலிக்கன் கிரீஸ், மெல்லிய பூச்சு மட்டும். சாதாரண கிரீஸைத் தடவினால் மறுபடி மணலைப் பிடிக்கும், ரப்பரையும் ஊதவைக்கலாம்.

அதன் பிறகும் திரை பாதியில் திரும்பினால், திரை எங்கே நிற்கவேண்டும் என்ற எல்லையை மோட்டர் மறந்திருக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, மூடும் பக்கம் சுவிட்சை விடாமல் பிடியுங்கள். பல மொடல்களில் திரை ஒருமுறை முழுதாக ஓடி எல்லையைப் பதிந்துகொள்ளும். பிடிக்கும் நேரமும் முறையும் வாகனத்தின் கைநூலில் இருக்கும். ஒரு பக்கம் முந்திக் கோணலாக வந்தால் கேபிளோ பிடியோ போயிருக்கும். அதற்கு உட்கூரையை இறக்கவேண்டும். அது கராஜ் வேலை.