டிராக் காருக்குப் பின் அச்சு: தேர்விலேயே நேரும் தவறுகள்

டிராக் (drag) பந்தயத்திற்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் குறுகிய தூரத்தை விரைந்து கடக்கும் பந்தயத்திற்கு, புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை உடைத்துத் தீர்த்த அதே பாகங்களை இன்றும் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயில் ஊற்ற மறப்பது போன்ற வெளிப்படையான பிழைகளை விட்டுவிடுகிறேன்.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

"இந்த அச்சு எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்ற கேள்வி எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. அச்சை உடைப்பது, கார் புறப்படும் கணத்தில் அதன்மீது விழும் முறுக்குவிசைதான். எஞ்சின் 600 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் விகிதம் 2.5, பின் அச்சின் விகிதம் 4.1 என்றால், அச்சுத் தண்டுகளுக்கு ஏறத்தாழ 6,150 நியூட்டன் மீட்டர் வந்து சேரும். ஆட்டோமேட்டிக் காரில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் அதை மேலும் பெருக்கும். சாலை டயரில் இந்த ஆபத்து தெரிவதில்லை, ஏனெனில் விசை முழுவதும் அச்சில் ஏறுவதற்குள் டயர் வழுக்கிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், சாலை டயரில் சிக்கலின்றி ஓடிய 7.5 அங்குல கிரவுன் வீல் (அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) கொண்ட அச்சை நம்பி, எஞ்சினில் எதையும் மாற்றாமல் ஸ்லிக் டயரை (பள்ளங்களற்ற, பிடிப்பு மிகுந்த பந்தய டயர்) மட்டும் மாட்டினார். கிளட்ச்சைச் சட்டென்று விட்டதும் கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பற்கள் நொறுங்கி, அந்தத் துண்டுகள் ஹவுசிங்கையும் பாழாக்கின. சிறிய அச்சால் மிச்சமான பணத்தைவிடப் பழுதுக்கே அதிகம் போயிற்று. காரின் எடை, டயரின் பிடிப்பு, கியர்பாக்ஸின் வகை, முதல் கியர் விகிதம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்ட பிறகே அச்சைத் தேடுங்கள்.

பெயரை நம்பி வாங்குவது

ஃபோர்டின் 9 அங்குல அச்சு என்றதும் பலர் வேறெதையும் கேட்பதில்லை. உள்ளே இருப்பது மெல்லிய 28 ஸ்ப்லைன் (தண்டின் முனையில் வெட்டிய பற்கள்) தண்டாகவும் இருக்கலாம். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்வதால், சுமார் 1.32 அங்குலமுள்ள 31 ஸ்ப்லைன் தண்டைவிட, சுமார் 1.5 அங்குலமுள்ள 35 ஸ்ப்லைன் தண்டு, ஒரே உலோகத்தில், ஏறக்குறைய 45 சதவீதம் வலிமையானது.

தெருவில் ஓடும் காருக்கு ஸ்பூல்

இரு பின் சக்கரங்களையும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிடும் பாகம் இது. வேண்டாம்.

தேவைக்கு மீறிய விகிதம்

ஒரே அளவு கிரவுன் வீலில் அச்சின் விகித எண் ஏற ஏறப் பினியன் சிறுத்து, வலிமை குறையும்.

சி-கிளிப்பை அப்படியே விடுவது

C வடிவ வளையம் ஒன்று தண்டை உள்முனையில் மட்டும் பிடித்திருக்கும் இந்த அமைப்பில், தண்டு முறிந்தால் சக்கரமும் அதனுடன் கழன்று வெளியேறும். அதனால்தான் கால் மைலை 10.99 விநாடியிலோ அதைவிட விரைவாகவோ கடக்கும் கார்களுக்கு, அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிகள் தண்டைத் தனியாகப் பிடித்து நிறுத்தும் அமைப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. ஸ்லிக் மாட்டிய எந்தக் காருக்கும், அதன் நேரம் எதுவாயினும், நான் இதையே வலியுறுத்துவேன்.