சிபேப் போட்டும் அசதி போகவில்லையா? நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்த விதம்

தூங்கும்போது மூச்சு தடைப்படும் நோய்க்கு (ஸ்லீப் ஆப்னியா), மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷினை வாங்கி மூன்று மாதம் ஆன பிறகும் காலையில் எழுந்தால் எனக்கு அடித்துப் போட்டாற்போல்தான் இருந்தது. வயது 54, வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை வங்கியில். தூக்கத்தைப் பதிவு செய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்படுவதாக வந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு. மெஷின் போட்ட பிறகு காலையில் திரையில் 2.3 என்று காட்டும். 5-க்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் பதினோரு மணிக்கு கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போதே கண் சொருகும். "நம்பர் நல்லாத்தானே இருக்கு, எல்லாம் உன் மனப்பிரமை" என்றார் என் கணவர். பிரமை இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு அத்தனை மாதம் ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். ஏஹெச்ஐ என்பது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற சராசரி. மெஷின் ஓடிய மணிநேரத்துக்கு மட்டும்தான் அது கணக்குப் போடும். நான் பதினொன்றரைக்குப் போட்டுக்கொண்டு, நாலு மணி வாக்கில் தூக்கக் கலக்கத்திலேயே கழற்றி வைத்துவிடுவேன். அப்புறம் ஆறரை வரை குறட்டைதான். அந்த இரண்டரை மணிநேரம் மெஷினின் கணக்கிலேயே வராது. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். அப்போது தசைகள் தளர்ந்து தொண்டை இன்னும் எளிதாக அடைத்துக்கொள்ளும். மாஸ்க் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் நான் அதைக் கழற்றியிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவி பார்த்தபடி சோபாவில் போடும் அரைமணி தூக்கமும் அப்படித்தான், மாஸ்க் இல்லாத தூக்கம். அதை அன்றோடு நிறுத்தினேன்.

ஆகவே திரையில் ஏஹெச்ஐ-க்கு முன்னால் எத்தனை மணிநேரம் போட்டிருந்தீர்கள் என்பதைப் பாருங்கள். பிறகு லீக், அதாவது மாஸ்க் ஓரத்திலோ வாய் வழியாகவோ ஒழுகும் காற்று. மெஷினில் எஸ்டி கார்டு இருந்தால் ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் இரவு முழுவதையும் கோடுகோடாகப் பார்க்கலாம். என் மகன் கணினியில் போட்டுக் காட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மணி வரை அமைதியாக இருந்த லீக் கோடு, அதற்குப் பிறகு மலை மலையாக ஏறியிருந்தது. வாய் திறந்து காற்று வெளியேறியிருக்கிறது. காலையில் நாக்கு அட்டையாக ஒட்டிக்கொள்வதும், நாலு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றியதும் அதனால்தான்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மாஸ்க் போட்ட நேரம், கழற்றிய நேரம், லீக், ஏஹெச்ஐ, காலையில் எப்படி இருந்தது. இவ்வளவு போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதை ஒரு வாரமாவது விட்டுப் பாருங்கள். அவசரத்தில் நான் மாஸ்க், தலையணை, மெஷின் காற்றில் சேர்க்கும் ஈரப்பதம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, எது உதவியது என்று தெரியாமல் மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

லீக்குக்கு மாஸ்க்கை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அது தவறு. இறுக்கினால் சிலிகான் மடிந்து இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டும் புண்ணாகும். எனக்கு மாஸ்க் விற்றவர் நாற்காலியில் உட்கார வைத்து அளவு பார்த்தார். படுத்தால் கன்னம் சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடுகிறது. எனவே மெஷினை ஓடவிட்டு, படுத்துக்கொண்டு, வழக்கமாகத் திரும்பும் பக்கம் திரும்பிப் பட்டையைச் சரிசெய்யுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. நான் ராத்திரி தடவிய கிரீமும், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்ததும் சிலிகானை வழுக்க வைத்தன. இப்போது படுக்கும் முன் முகம் கழுவுகிறேன், எண்ணெய் காலையில்தான். மாஸ்க்கையும் தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறேன்.

வாய் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூக்கடைப்பு. உப்புநீரில் மூக்கைக் கழுவியது எனக்கு நன்றாகக் கேட்டது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்தான் கழுவ வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. அப்படியும் நிற்காமல் நான் மூக்கு மாஸ்க்கிலிருந்து மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறினேன். ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால், மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வைத்துக் குழாய்க்குத் துணியுறை போடுங்கள். ஈரப்பதத்தையும் ஒரு படி குறையுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ச் சங்கதி. பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இருக்கும். கட்டில் பக்கத்து பிளக்குக்கு இருக்காது. கரண்ட் போனால் ஃபேன் ஓடும், மெஷின் நிற்கும், தூக்கத்தில் நமக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கையும் இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொன்னேன்.

லீக் அடங்கிய பிறகுதான் பிரஷர், அதாவது மெஷின் தள்ளும் காற்றின் அழுத்தம், பக்கம் போக வேண்டும், அதுவும் டாக்டரோடு. என் மெஷின் 4 முதல் 20 வரை தானாக மாறும்படி, கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. 4 என்பது பலருக்கு மூச்சு போதாத அளவு. படுத்ததும் காற்றுக்கு ஏங்குவது போல இருக்கும். தொண்டை அடைத்த பிறகு மெஷின் மெல்ல ஏறி வருவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். எனக்குப் பெரும்பாலான இரவுகளில் 9 வரை தேவைப்பட்டதைப் பார்த்து டாக்டர் கீழ் அளவை 7 ஆக்கினார், மேலே 12-இல் நிறுத்தினார். அந்த வாரமே நாலு மணிக்கு விழிப்பது குறைந்தது. வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள், அதையும் சொல்லுங்கள். நீங்களாக பிரஷரை ஏற்ற வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சிலருக்குத் தொண்டை திறந்தே இருக்கும், மூளைதான் மூச்சுவிடச் சொல்ல மறக்கும். அறிக்கையில் அந்த வகை தனியாக வரும். அதற்கு அழுத்தம் கூடினால் நிலைமை மோசமாகலாம்.

இத்தனைக்கும் பிறகு முக்கால்வாசிதான் தெளிந்தது. மிச்சம் மூச்சில் இல்லை. ராத்திரி படுத்ததும் கால் குறுகுறுக்கும், அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். வயசாகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார், 11 வந்தது. கால் குறுகுறுப்பு உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே போனாலே இரும்புச்சத்து கொடுப்பதுண்டு. மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது என்பதால் காபியை இரண்டு மணிநேரம் தள்ளி வைத்தேன். தைராய்டு, பி12, சர்க்கரை, மனச்சோர்வு, தூக்க மாத்திரை இவற்றையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் அதிகமாகிறது. குறட்டை பெரிதாக இல்லாமல் அசதியாகவே காட்டிக்கொள்வதும் உண்டு. அதனால்தான் நம்மிடம் 'ஓய்வெடும்மா' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அளக்க, எப்வர்த் என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. மொத்த மதிப்பெண் 24, 10-க்கு மேல் போனால் பகல்தூக்கம் அதிகம் என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அதைப் போட்டு நோட்டில் ஒட்டினேன். ஆரம்பத்தில் 17, மூன்றாம் மாதம் 14, இப்போது 6. 10-க்குக் கீழே வரும் வரை ஸ்கூட்டியைத் தொடவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் இறங்கித்தான் வேலைக்குப் போனேன். நீங்களும் கண் சொருகும் நாட்களில் வண்டியை எடுக்காதீர்கள்.