மிச்சம் பிடித்த குட்டிக்கரணம்: 1942 ஆட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணத்தில் என் வீட்டு முன்னறையில் பழைய பெட்டி டிவி ஒன்று இன்னும் வேலை செய்கிறது. கோடை விடுமுறை வந்துவிட்டால் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் அதன் முன்னால் அமர்ந்து 1942 என்ற விமானச் சண்டை வீடியோ கேம் ஆடுவார்கள். இந்த மே மாதம் முழுவதும் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முப்பது வருடங்களுக்கு முன்னால் நான் எங்கெங்கே விழுந்தேனோ, அங்கேயே விழுகிறார்கள். குண்டு வரும் பக்கம் போகாதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல நாள் ஆடியும் திருந்தாத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேப்காம் நிறுவனம் 1984-இல் ஆர்கேடுக்காக, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்காக, வெளியிட்ட ஆட்டம் இது. வடிவமைத்தவர் யோஷிகி ஒகமோட்டோ. செய்தது ஜப்பானிய நிறுவனம், ஆனால் நாம் ஓட்டுவது அமெரிக்காவின் பி-38 விமானம், போவது டோக்கியோவை நோக்கி. மறு ஆண்டே அது நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு, டிவியில் மாட்டி ஆடும் வீட்டு விளையாட்டுப் பெட்டிக்கு, வந்தது. நம் ஊர்ப்பக்கம் அதை அறிமுகப்படுத்தியவை ஃபேமிகாமின் நகல் பெட்டிகளும், பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த கேசட்டுகளும்.

குட்டிக்கரணத்தைப் பூட்டி வைப்பது

திரையின் கீழே 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து வரிசையாகத் தெரியும். ஒரு எழுத்துக்கு ஒரு குட்டிக்கரணம், கட்டத்துக்கு மூன்று. விமானம் மேலெழும்பிப் புரண்டு இறங்கும் வரை எந்தக் குண்டும் அதைத் தொடாது. இவ்வளவு பெரிய கொடையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று எழுத்தும் அப்படியே இருக்க வெடித்துச் சிதறுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வருகிறது. 'பின்னால் தேவைப்படும்' என்கிறார்கள். அந்தப் பின்னால் எப்போது வரும்?

தொண்ணூறுகளில் தர்மபுரியில் சித்தப்பா வீட்டில், ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்த பெட்டியில் ஆடினேன். நான்கு குண்டு ஒன்றாகப் பாயும் துப்பாக்கி கிடைத்திருந்தது, இரண்டு பக்கமும் துணை விமானங்கள் பறந்தன. அதுவரை அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. இடது ஓரத்தில் மாட்டிக்கொண்டேன். மேலிருந்து இரண்டு விமானங்கள், குறுக்கே ஒரு குண்டு. 'இதைத் தாண்டிவிடலாம்' என்று நினைத்தேன், தாண்டவில்லை. போனது ஓர் உயிர் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். நான்கு குண்டும் துணை விமானங்களும் சேர்ந்தே போயின. அவற்றை இழந்து வெறும் துப்பாக்கியோடு அதே கூட்டத்துக்குள் மறுபடி இறங்குகிறவன் அடுத்த உயிரையும் சீக்கிரம் இழப்பான், நானும் இழந்தேன். பயன்படுத்தாத ஒரே ஒரு கரணம் அந்த இரவின் மொத்த ஆட்டத்தையும் தின்றுவிட்டது.

எங்கள் பக்கம் மாம்பழம் நன்றாகத் தெரியும். பழுத்ததை அன்றே சாப்பிட வேண்டும். நல்ல பழம் என்று ஒதுக்கி வைத்தால் அழுகும். கரணமும் அப்படித்தான். கட்டம் மாறும்போது மூன்று புதிதாக வரும், ஆகவே உயிரைக் கொடுத்து மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. தப்ப வழி இருக்கிறதா என்று யோசிக்கத் தோன்றும் அந்த நொடிதான் பொத்தானை அழுத்த வேண்டிய நொடி. ஓரத்தில் முழுதாக மாட்டிய பிறகு அழுத்தினால் எதிரிகளின் நடுவிலேயே இறங்குவீர்கள். வெற்றிடம் இருக்கும் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே அழுத்துங்கள்.

திரையின் அடியில் ஒட்டிக்கொள்வது

ஆர்கேடின் திரை நெட்டையானது, வீட்டு டிவி அகலமானது. மேலும் கீழும் இடம் குறைவதால் எல்லோரும் அடியில் பதுங்குகிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் பெரிய விமானங்கள் கீழிருந்தும் ஏறி வரும். அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் நில்லுங்கள்.

சிவப்பு விமானங்கள்

வரிசையாக வரும் இவற்றில் ஒன்றைக்கூடத் தப்பவிடாதீர்கள். தப்பவிட்டால் நான்கு குண்டுத் துப்பாக்கி, துணை விமானங்கள் போன்ற பரிசு இல்லை.

கண்ணில் பட்டதை மட்டும் நம்புவது

'குண்டே இல்லை, நான் எப்படிச் செத்தேன்?' என்று பிள்ளைகள் அழுகிறார்கள். குண்டு இருந்தது. ஃபேமிகாமின் படச் சில்லு ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருத்துண்டுகளைத்தான் வரையும். அதற்கு மேல் உள்ளவை அந்தக் கோட்டில் தெரியாது. துணை விமானங்கள் இருந்தால் நம்முடைய கோட்டிலேயே நெரிசல் கூடும். மினுங்கும் இடத்துக்குள் நுழையாதீர்கள்.

வேறு பெட்டியில் பழைய வேகத்தை எதிர்பார்ப்பது

நம் ஊர் டிவிக்கென வந்த பெட்டிகள் நொடிக்கு 50 படம் காட்டும், ஜப்பானிய மூலப்பெட்டி 60 காட்டும். ஓசூரில் நண்பர் வீட்டில் 60 படப் பெட்டியில் முதன்முறை ஆடியபோது, என் விரல்கள் பழகியிருந்த நேரம் எல்லாம் தவறிப்போனது. புதிய பெட்டி என்றால் முதல் இரண்டு ஆட்டங்களை மதிப்பெண்ணுக்காக ஆடாதீர்கள், கைப்பழக்கத்துக்காக ஆடுங்கள். தட்டை டிவியாக இருந்தால் அமைப்பில் 'கேம் மோட்' என்பதைத் தேடிப் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தியதற்கும் விமானம் புரள்வதற்கும் நடுவே சிறு தாமதம் விழும். குட்டிக்கரணத்துக்கு அந்தத் தாமதம் ஆகாது.