மாட்டு வயிறும் மந்தி வயிறும்: நொதியின் மாறும் இடங்களைத் தவறாகப் படிக்காமலிருக்க

ஒரே நொதியை, அதாவது உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் ஒரு புரதத்தை, பல விலங்குகளிலிருந்து எடுத்து, அதில் மணிகள்போல் கோத்திருக்கும் அமினோ அமிலங்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், சில இடங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே நிற்கும். சில இடங்கள் விலங்குக்கு விலங்கு மாறும். மாறாத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது, மற்றவை வெறும் இட்டு நிரப்பல் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதியைப் பாருங்கள். பாக்டீரியாவின் சுவரை வெட்டுவது அதன் வேலை. மாடு தின்ற தழையை முன்வயிற்றில் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. பிறகு அந்த பாக்டீரியாக்களையே மாடு செரித்துக்கொள்கிறது. அதற்கு லைசோசைம் வயிற்று அமிலத்தில், புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கு நடுவில் தாக்குப்பிடிக்க வேண்டும். இலை தின்னும் லங்கூர் மந்திக்கும் இதே பிழைப்புதான். மூலக்கூறு பரிணாம ஆய்வாளர் ஆலன் வில்சனின் ஆய்வகத்தில் கரோ-பெத் ஸ்டூவர்ட் 1987-இல் இரண்டையும் ஒப்பிட்டார். மனித லைசோசைமில் 75-ஆம் இடத்தில் ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலம், 87-ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம். மாட்டிலும் மந்தியிலும் அது அப்படியே தலைகீழ்! 21-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் போய் லைசின் வந்திருக்கிறது. வெட்டும் இடம் மட்டும் அசையவில்லை.

இதிலிருந்து அடுத்த தவறு பிறக்கும்: ஒத்திருந்தால் உறவு என்பது. இந்த இடங்களை மட்டும் வைத்து வம்ச மரம் வரைந்தால் மந்தி மாட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். தென் அமெரிக்காவின் இலை தின்னும் ஹோட்சின் பறவையின் லைசோசைமும் இதே திசையில் மாறியிருக்கிறது. அதையும் மாட்டுக்குச் சொந்தமாக்க முடியுமா?

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறே. மாறும் இடமெல்லாம் தகவமைப்பு அல்ல. ஜப்பானிய மரபியலாளர் கிமுரா 1968-இலேயே சொன்னதுபோல, நன்மையோ தீமையோ இல்லாமல் தற்செயலாக நிலைத்துவிடும் மாற்றங்கள் ஏராளம். மந்தியும் மாடும் தனித்தனியாக ஒரே மாற்றத்துக்கு வந்து சேர்ந்ததால்தான் இங்கே இயற்கைத் தேர்வின் கை தெரிகிறது.

மரபணு முழுவதற்கும், வம்ச மரத்தின் எல்லாக் கிளைக்கும் சேர்த்து மாற்றத்தின் வேகத்துக்குச் சராசரி எடுத்தாலும் ஏமாறுவோம். இந்த மந்திகளின் மூதாதைக் கிளையில் ஒரு குறுகிய காலத்தில்தான் மாற்றங்கள் குவிந்தன. பின்னர் வேகம் அடங்கிவிட்டது. சராசரியில் அந்தக் குவியல் கரைந்துபோகும்.

கடைசியாக, அற்பமாகத் தெரிந்தாலும் அடிக்கடி காலை வாரிவிடும் ஒன்று: எண்கள். கோழி லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள், மனிதனில் 130. நடுவில் ஒன்று கூடியதால், கோழியில் 52-ஆக இருக்கும் வினைபுரியும் ஆஸ்பார்ட்டிக் அமிலம் மனிதனில் 53. எண்ணை நம்பி 52-ஐத் தேடினால் அங்கே திரியோனின் நிற்கும். வரிசைகளைச் சரியாகப் பொருத்தாமல், மாறவே மாறாத இடத்தை ‘மாறும் இடம்’ என்று எழுதிவைப்போம்.